போனுக்கு உரியவர் வரட்டும்

அன்புள்ள தமிழரசிக்கு,

செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். மாமல்லபுரத்தில் கடை என்றால் தேவனேரி, பட்டிபுலம், சதுரங்கப்பட்டினம் என்று சுற்றியுள்ள குப்பத்துப் பெண்களெல்லாம் அங்கேதான் வருவார்கள். பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கும் கடையில் போனைத் தயங்காமல் நீட்டுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். செங்கல்பட்டு நீதிமன்றத்தில் குடும்ப வன்முறை வழக்கு நடத்துகிறவள் நான். வீட்டில் அடிபடும் பெண் வக்கீலைத் தேடி வருவது கடைசியில்தான். அதற்கு முன்பே, “என் போனில் ஏதாவது போட்டிருக்கிறாரா பாரும்மா” என்று உன்னைப் போன்ற ஒருத்தியிடம் கேட்டிருப்பாள்.

முதலில் பார்க்க வேண்டியது சிம். தமிழ்நாட்டில் தான் பயன்படுத்துவதற்கென்று ஒரு போன் வைத்திருக்கும் பெண்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. போன் கையில் இருப்பது வேறு, எண் தன் பெயரில் இருப்பது வேறு. எண் கணவரின் ஆதாரில் வாங்கியது என்றால், அவர் நினைத்த நாளில் அதை முடக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்று சிம் வாங்கலாம். அந்த நிமிடமே அவள் போன் செத்துவிடும். வங்கி ஓடிபி, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்த செய்தி, வாட்ஸ்அப் நுழைவு எண் எல்லாம் அவர் கைக்குப் போகும். அப்படிப்பட்டவளுக்கு அவளுடைய ஆதாரிலேயே புது சிம் வாங்கச் சொல். பழைய எண்ணை உடனே தூக்கிப்போடச் சொல்லாதே. வங்கியில் எண்ணை மாற்றினால் பழைய எண்ணுக்கும் ஒரு குறுஞ்செய்தி போகக்கூடும். அதைக் கணவர் படித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். எப்போது மாற்றுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அடுத்தது ஜிமெயில். புதுப் போன் வாங்கியதும் கடைக்காரரே ஒரு கணக்கு திறந்து, கடவுச்சொல்லையும் தானே போட்டு, மீட்பு எண்ணாகக் கணவரின் எண்ணைக் கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அந்தக் கணக்கு வேறொருவர் கையில் இருந்தால் அவள் எங்கே இருக்கிறாள், என்ன தேடினாள், என்ன படம் எடுத்தாள் எல்லாம் தெரிந்துவிடும். அவளே தட்டச்சு செய்யட்டும், நீ முகத்தைத் திருப்பிக்கொள். பழுது பார்க்க வந்த போனின் பேட்டர்னைத் துண்டுச் சீட்டில் எழுதி முதுகில் ஒட்டிவைக்கும் பழக்கத்தையும் உன் மேசையில் நிறுத்து.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். பிள்ளைகளைக் கண்காணிக்க என்று விற்கும் செயலியை மனைவியின் போனில் போட்டுவைக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்ட் அணைந்திருக்கும். பெயர் தெரியாத செயலி ஒன்றுக்கு அணுகல்தன்மை அனுமதி தரப்பட்டிருக்கும். பல நேரம் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் அவருடைய கணினி இருக்கும், அல்லது கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கும். கண்டுபிடித்ததும் உன் விரல் அதை நீக்கப் பரபரக்கும். நீக்காதே. நீக்கியது எதிர்ப்பக்கத்தில் உடனே தெரியும். பிடி நழுவுகிறது என்று தெரிகிற நேரத்தில்தான் அடி பலமாக விழும். “இதை எடுத்தால் இன்று ராத்திரி வீட்டில் பிரச்சினை வருமா?” என்று கேள். வரும் என்றால் அப்படியே இருக்கட்டும். அந்தப் போனில் வழக்கமான பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அக்கா போனிலோ பக்கத்துவீட்டுப் போனிலோ பேசட்டும். செங்கல்பட்டுக்கு என்னைப் பார்க்க வருகிற நாளில் இருப்பிடம் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றினால், அரசு மருத்துவமனைக்குப் போவதாக ஒரு காரணம் தயாராக இருக்கட்டும்.

ரீசெட் செய்தால் சுத்தமாகிவிடும் என்பார்கள். ஆனால் மிரட்டல் குரல்பதிவும் வசைச் செய்தியும் அதோடு போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்று கொடுக்கும்போது எந்தக் கருவியில் இருந்து எடுத்தது என்ற விவரத்தோடு சான்றிதழும் தர வேண்டும். ஆகவே பழைய போனைத் தூக்கி எறியாமல், அதிலுள்ள பதிவுகளின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் சேர்க்கச் சொல்.

சட்டம் எந்தப் பக்கம் என்று நீ கேட்பாய். பரமக்குடியில் மணவிலக்குக் கேட்ட ஒரு கணவர், மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தார். 2024 அக்டோபர் 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்க மறுத்தார். கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற சான்று செல்லாது என்றார். ஆனால் 2025 ஜூலையில், வேறொரு தம்பதியின் வழக்கில், துணைவருக்குத் தெரியாமல் பதிந்த தொலைபேசி உரையாடலை மணவழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிரட்டலைப் பதிந்துவைத்த பெண்ணுக்கு அது உதவும். ஒட்டுக்கேட்கும் கணவருக்கும் உதவும். அதனால் தீர்ப்பை நம்பிப் போனைத் திறந்துபோட்டுவிட முடியாது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், போன் வழியாகவும் மின்னணு வழியாகவும் அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று தடை வாங்கலாம். இது நாங்கள் அடிக்கடி கேட்டுப் பெறுவது. பெண்ணின் இணைய, மின்னஞ்சல் தொடர்புகளைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி குற்றம். செயலியைப் போட்டுக்கொடுக்கும் கடைக்காரர் உடந்தையாகச் சேர்க்கப்படலாம் என்பதை உன் முதலாளியிடம் சொல்.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அடிப்பவரின் குடும்பத் திட்டத்திலிருந்து தன் எண்ணைப் பிரித்துத் தரும்படி பெண் கேட்டால், நிறுவனம் இரண்டு வேலைநாளில் பிரித்துத் தர வேண்டும். உதவி எண்களை அழைத்த விவரம் வாடிக்கையாளர் பார்க்கும் பட்டியலில் வரக்கூடாது என்று 2023-இல் விதியும் செய்தார்கள். நமக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும். வரும் வரைக்கும் உன்னைப் போன்றவர்கள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மகளிர் உதவி எண் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண் என்றால் வருமானச் சான்று கேட்கக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் அவள் போனில் பதிந்துகொடுக்காதே, மனப்பாடம் செய்யச் சொல். முடிந்தால் உங்கள் கடைப் போனிலிருந்து பேசவிடு. ஒரு கணவர் மனைவியின் போனோடு வந்து பேட்டர்னை உடைக்கச் சொன்னால், போனுக்கு உரியவர் நேரில் வரட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பு. இதைக் கடையின் விதியாகவே வைக்கும்படி முதலாளியிடம் இந்த வாரமே பேசிவிடு.

அன்புடன்,
உன் அத்தை