இயன்மருத்துவம்: எதை நேரில், எதை வீடியோவில்?

இரத்தப் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு கிளினிக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம். நெடுந்தீவுப் பிள்ளையென்றால் முதலில் குறிகட்டுவானுக்குப் படகு ஏறவேண்டும். "இயன்மருத்துவப் பயிற்சியையாவது வீடியோ கோலில் செய்யலாமோ?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பெரும்பகுதியைச் செய்யலாம்.

இயன்மருத்துவருடனான முதல் சந்திப்பு கட்டாயம் நேரில் நடக்கவேண்டும். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து நரம்பைப் பாதித்து, பாதத்தை மேலே தூக்கும் தசையைத் தளர்த்திவிடக்கூடும். அப்போது பிள்ளை கால்விரல் தரையில் உரச நடக்கும். கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கிறது என்பதைக் கைவைத்துப் பார்த்துத்தான் அறியலாம். எலும்புப் புற்றுநோய்க்குக் காலில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்கும், மூளைக் கட்டியால் தடுமாறி நடக்கும் பிள்ளைக்கும் தொடக்கக் கிழமைகளில் வீடியோவை நான் சொல்லமாட்டேன். விழப்போனால் தாங்கப் பழகிய கை பக்கத்தில் வேண்டும்.

நேரில் என்றால் எப்போதும் மகரகம என்றில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ இயன்மருத்துவத்தைத் தொடரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் நீளும். கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியோ அன்றாடம் வேண்டும். அங்கேதான் வீடியோ கைகொடுக்கிறது. வெள்ளணுக்கள் குறைந்த நாட்களில் நெரிசலான பஸ்ஸில் கொண்டுபோவதைவிட அதுவே மேல். பிள்ளை பாயிலிருந்து எப்படி எழும்புகிறது, வாசற்படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறது என்பதெல்லாம் வைத்தியசாலையில் தெரியாது; வீட்டில் தெரியும். போனை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டாக வையுங்கள், பாதம் முழுதும் தெரியட்டும். குதிக்காலில் நடக்கச் சொல்லுங்கள். போன கிழமை முடிந்தது இன்று முடியவில்லையென்றால் நேரில் காட்டவேண்டும். சிக்னல் இழுபட்டால் பயிற்சியைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

பயிற்சிக்கு முன் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவை இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தச் சிறுதட்டுகள் குறைந்திருந்தால் துள்ளலும் பாரம் தூக்கலும் கூடாது. ஸ்டீராய்ட் எடுக்கும் பிள்ளை இடுப்போ முழங்காலோ நோகிறது என்றால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மருந்து எலும்புக்கான இரத்தவோட்டத்தையே கெடுக்கக்கூடும். 38 பாகை காய்ச்சலென்றால் கோல் எடுத்துக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அடுத்த நேரடிச் சந்திப்புக்குக் கிளினிக் நாளையே கேட்டு வாங்குங்கள்; ஒரே பயணத்தில் இரண்டும் முடியும்.