டாக்டர் காலேஜில் அரசியல் அறிவியல்

எங்கள் கடலோர ஊரான கடியப்பட்டணத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று சொன்னால் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். அந்தப் பல்கலைக்கழகத்தில் நான் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்தேன். லீவுக்கு வந்தால் கடற்கரையில் மாமிமார் மடக்கிவிடுவார்கள்: "மக்ளே, பிரஷருக்கு இந்த மாத்திரை போதுமா?" விளக்கிச் சலித்து, "ஆஸ்பத்திரி எங்க வரணும், ஃபீஸ் எவ்வளவுன்னு தீர்மானிக்கிற ஆட்களைப் பத்திப் படிக்கேன் மாமி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இப்படிச் சொன்னால் வீட்டிலும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அங்கே அரசியல் அறிவியல் படிக்க வருகிறவர்களே, மருத்துவ மாணவர்களைப் பார்த்து ஒதுங்காதீர்கள். நமக்கான பாடம் அவர்களிடம்தான் கிடக்கிறது. 2013-ல் தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றது. ஆனாலும் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேலேயே நின்றது; அப்போது மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610 ரூபாய்தான். 2020 டிசம்பரில் மாணவர்கள் அதைக் குறைக்கச் சொல்லிப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு கட்டணத்துக்குக் காரணத்தைத் தேடிப் போனால் ஒரு கோப்பில் போய் நிற்கும்: கல்லூரி உயர்கல்வித் துறையின் கீழ் இருந்தது. 2021 ஜனவரிக் கடைசியில் அதைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது, பிறகு கட்டணமும் இறங்கியது. இன்று அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. அரசு நிர்வாகத் தாளுக்கு நான் வாசித்த எந்தப் புத்தகமும் ஒரு துறையின் எல்லை எவ்வளவு பணம் பெறும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

மெஸ்ஸில் நீட் பற்றிப் பேச்சு வந்தால் காது கொடுங்கள். 1976-ன் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனதைச் சொன்னால், உடற்கூறியல் படிப்பவரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். வளாகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராஜேந்திரன் இந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்.

ஆய்வுத் தலைப்புக்கு டெல்லி வரை போக வேண்டாம். எனக்கு 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கை கொடுத்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. அது கடலில் எப்படி நடக்கிறது என்பதை வள்ளக்காரரிடம் கேட்டு எழுத, கரையில் பிறந்தவனுக்குச் சிரமமே இல்லை. நம்மூர்ப் பேச்சு புரியாத ஆய்வாளர் பாதியைத் தவறவிடுவார்.

வேலையைப் பொறுத்தவரை, நெட் தேர்வுக்கு முதலாண்டிலேயே தொடங்குங்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் அரசமைப்புப் பகுதி நமக்குக் கொஞ்சம் லேசு, அவ்வளவுதான். அதிலுள்ள கணக்குப் பகுதி யாரையும் விடாது.

மெடிக்கல் சீட் கிடைக்காத வருத்தத்தில் இந்தப் பாடத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சேரும் முன் ஏதாவது ஓர் அரசாணையை எடுத்துக் கடைசிப் பத்திவரை வாசித்துப் பாருங்கள். அலுப்புத் தட்டினால் வேறு பாடம் எடுங்கள்.