கேளிக்கையும் மதுவும்: எண்ணமும் உண்மையும்

வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’யை அறத்துப்பாலில் வையாது, பொருட்பாலின்கண் 93ஆம் அதிகாரமாக வைத்தார். மது பாவ புண்ணியம் பற்றிய விசாரம் மட்டுமன்று. பொருள், அறிவு, மானம் பற்றிய உலகியல் வினாவுமாகும் என்பது இதனாற் புலனாகின்றது. அந்நோக்கிலேயே, மாணவர்தம் பிரியாவிடை விருந்துகளிலும் ஒன்றுகூடல்களிலும் மது பெறும் இடத்தை ஈண்டு ஆராய்வோம்.

“எல்லாரும் குடிக்கின்றனர், நான் மட்டும் விலகுவதெப்படி?” என்பது இளைஞரிடையே நிலவும் முதல் எண்ணம். அமெரிக்கக் கல்லூரி மாணவரை ஆராய்ந்த பேர்க்கின்ஸ், பேர்க்கோவிற்ஸ் என்னும் இருவர், மாணவர் தம் தோழரின் குடிப்பழக்கத்தை உள்ளதினும் மிகுத்தே மதிக்கின்றனர் என 1986இல் எடுத்துக்காட்டினர். இம்மயக்கம் எவ்வாறு எழுகின்றது? நம் தோட்டங்களையே நோக்குவோம். சம்பள நாளிரவில் தவறணையிலிருந்து திரும்பும் ஒருவரது கூச்சல் லயன் முழுதும் கேட்கின்றது. கதவடைத்து உறங்கும் இருபதின்மரின் அமைதியோ எவர் செவியிலும் விழுவதில்லை. இலங்கையில் 2015இல் நிகழ்ந்த சுகாதார ஆய்வின்படி, வளர்ந்த ஆண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே குடிப்போர். பெண்களுள் மிகமிகச் சிலரே. ஆகவே விலகி நிற்பவன் தனியன் அல்லன், அவனே பெரும்பான்மையோன்.

“மலைக்குளிருக்கு மதுவே மருந்து” என்பது இரண்டாவது எண்ணம். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் இதனை நம்புவோர் உளர். மது தோலின் நுண்ணிய குருதிக் குழாய்களை விரிக்கின்றது. குருதி மேற்பரப்பை நாடுதலால் வெம்மை தோன்றுகின்றது. உண்மையிலோ உடலின் உள்வெப்பம் வெளியேறுகின்றது. சூடான தேநீரும் கம்பளியுமே நற்றுணை.

இனி, விருந்தளிப்போர் கடன் யாது? 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்றல் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எனவே மாணவர் கூடும் விருந்தில் மதுவுக்கு இடமேயில்லை. முதியோர் விருந்திலும், வேண்டாமென்பவரைக் காரணம் கேளாதிருத்தல் பண்பு. குடித்தவரை ஹற்றன் பாதையின் வளைவுகளில் வாகனம் ஓட்ட விடாது தடுத்தல் நட்பு. மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மாணவச் செல்வங்களே, கொழுந்து கிள்ளிய கைகள் சேர்த்த பணத்தில் நும்முட் பலர் கற்கின்றீர். ‘எல்லாரும்’ என்னும் சொல்லைக் கேட்குந்தோறும், “எத்தனை பேர்?” என வினவுங்கள். அவ்வினாவே நும்மைக் காக்கும்.