மண்கோட்டையும் பீரங்கியும்

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் பூலித்தேவர் கோட்டைகளைக் கொண்டிருந்தார். அவை மண்ணால் எழுப்பப்பட்டவை. கல்மதிலைவிட மண்மதில் வலுக்குறைந்தது என்று எண்ணத் தோன்றும். பீரங்கிக்கு முன்னர் நிலை வேறு. குண்டு பட்டால் கல்மதில் பிளந்து சரியும். தடித்த மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கிப் புதைத்துக்கொள்ளும்.

1755இல் கும்பினிப் படைத்தலைவர் கர்னல் எரோன், ஆர்க்காட்டு நவாபின் தமையன் மாபூஸ்கானோடு வந்து கப்பம் கேட்டார். பூலித்தேவர் இணங்கவில்லை. மதிலைத் தகர்க்கும் பெரும்பீரங்கிகள் இன்மையால் எரோனின் படை வெறுங்கையோடு திரும்பியது. 1760இல் வாசுதேவநல்லூரைத் தாக்கிய யூசுப்கானும் பின்வாங்கினார். எனினும் மறு ஆண்டில் கோட்டைகள் அவரிடம் வீழ்ந்தன.

1767இல் கர்னல் டொனால்டு கேம்பெல் வாசுதேவநல்லூரை மீண்டும் முற்றுகையிட்டார். இம்முறை பெரும்பீரங்கிகள் இருந்தன; மதிலில் உடைப்பு விழுந்தது. போர் உண்மையில் அங்குதான் தொடங்கியது. உள்ளிருந்தோர் வைக்கோலையும் பனையோலையையும் கொண்டு உடைப்பை அடைத்தனர். அடைக்கும்போதே சுடப்பட்டு வீழ்ந்தனர். வீழ்ந்தவர் இடத்தில் அடுத்தவர் வந்து நின்றார். இவ்வுறுதியைக் கண்டு வியந்து எழுதியவர் எதிரியான கேம்பெல்லே. பகைவர் எழுத்தில் கிடைக்கும் புகழ் என்பதால் இச்சான்றுக்கு மதிப்பு மிகுதி. இறுதியில், பெருமழை பெய்த இரவொன்றில் அவர்கள் கோட்டையை விட்டு வெளியேறினர்.