ஃபேனா, கூலரா, ஏசியா? ஒரகடம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு மின்கட்டண வழிகாட்டி

சித்திரை பிறந்துவிட்டால் சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம், ஒரகடம் பக்கத்துக் கடைகளில் ஒரே கேள்விதான்: "ஏசி போடலாமா, கூலரே போதுமா?" கடைக்காரர் விலையைச் சொல்வார், மாதத் தவணையைச் சொல்வார். இரண்டு மாதம் கழித்து வரும் கரண்ட் பில்லை அவரால் சொல்ல முடியாது. ஒரே ஏசி ஒரு வீட்டில் ஆயிரம் ரூபாயைக் கூட்டும், அடுத்த வீட்டில் இரண்டாயிரத்தைக் கூட்டும். அதைத் தீர்மானிப்பவை மூன்று: உங்கள் மீட்டர் யாருடையது, நீங்கள் தூங்குவது எந்த நேரத்தில், தலைக்கு மேல் இருப்பது என்ன கூரை. இவற்றைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

முதலில் மீட்டர்

இங்கே போடும் கணக்கெல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த வீட்டுக் கட்டணப்படி. 2025 ஜூலையில் மின்கட்டணம் உயர்ந்தபோது வீட்டு இணைப்புகளுக்கு அந்த உயர்வு விதிக்கப்படவில்லை. விகிதம் பின்னால் மாறினால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 ரூபாய்ப் படியே கிடையாது. இலவச நூறு போக, 400 வரை முழுதும் 4.70. அதற்கு மேல் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். அதனால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர், 501 யூனிட் ஆனால் 2,048 ரூபாய் கட்ட வேண்டும். ஒரே ஒரு யூனிட் 243 ரூபாயை இழுத்துவிடுகிறது. நீங்கள் சேமிக்க வேண்டிய இடம் இந்த 500-ஆவது யூனிட்தான்.

வாடகை அறைகளின் கதை வேறு. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. ஆனாலும் இந்தப் பகுதித் தொழிலாளர்களில் ஏராளமானோர் இன்றும் வரிசை வீடுகளிலும் மாடி அறைகளிலும்தான் இருக்கிறார்கள். அங்கே வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குவது வழக்கம். எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு இலவச நூறும் இல்லை, 2.35 ரூபாய்ப் படியும் இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய். எனவே மிச்சம் பிடிக்கும் கருவி சொந்த வீட்டுக்காரரைவிட அறைவாசிக்குத்தான் அதிகம் தேவை.

ஃபேன்: எல்லோருக்கும் முதல் செலவு

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தரும். ஷிப்ட் மாறி மாறி மூன்று பேர் தங்கும் அறையில் எப்போதும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்; ஃபேன் நாளுக்கு இருபது மணி நேரம் சுற்றும். பழைய ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 90 யூனிட், 720 ரூபாய். புதியதற்கு 36 யூனிட், 288 ரூபாய். ஒரு பில்லுக்கு 432 ரூபாய் மிச்சம் என்றால், இரண்டரை, மூன்றாயிரம் ரூபாய் ஃபேனின் விலை சுமார் ஓராண்டில் திரும்பிவிடும். அறையைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். மாட்டும்போது எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி சுவரிலுள்ள ரெகுலேட்டரைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுங்கள். இந்த ஃபேனுக்கு வேகக் கட்டுப்பாடு அதன் ரிமோட்டிலேயே இருக்கிறது.

கூலர்: பகல் தூக்கத்துக்கு உதவும், இரவுக்கு உதவாது

கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் பத்து மணிக்கு மேல் இங்கே மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாட்கள் உண்டு. வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் நல்ல கூலர் 30 டிகிரிக்குக் கீழான காற்றைத் தரும். மாலையில் கடற்காற்று உள்ளே வந்தபின் வெப்பம் 32, ஈரப்பதம் 75 என்று மாறினால், அதே கூலர் மூன்று டிகிரியைக்கூடக் குறைக்கத் திணறும். உடம்பு பிசுபிசுப்பதுதான் மிச்சம்.

ஆகவே சி ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிறவருக்குக் கூலர் கைகொடுக்கும். இரவில் தூங்குகிறவருக்கு அது வீண் செலவு. 150 வாட் கூலர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஈரம் தேங்கிவிடும். தண்ணீரை விலைக்கு வாங்கும் வீடுகள் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

ஏசி: வாங்கும் விலையைவிட ஓட்டும் விதம் முக்கியம்

சொந்த ஈ.பி. இணைப்புள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், டிவி, விளக்கு, நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் இரண்டு பழைய ஃபேன்கள்: இரண்டு மாதத்தில் 250 யூனிட், பில் 470 ரூபாய். ஒரு டன் ஏசி மாட்டி இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு நாலரை யூனிட் என்று கணக்கிடலாம். 60 நாளில் 270 யூனிட். மொத்தம் 520, பில் 2,208 ரூபாய்.

இப்போது இரண்டு மாற்றங்கள். ஏசியை 24-இலிருந்து 26 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 32 யூனிட் குறைந்து 488 ஆகும், பில் 1,729. அதோடு இரண்டு ஃபேன்களையும் பி.எல்.டி.சி. ஆக்கினால் இன்னும் 80 யூனிட் குறையும். மொத்தம் 408, பில் 1,225. ஏசி அதேதான், குளிர்ச்சியிலும் பெரிய குறை தெரியாது. பில்லில் 983 ரூபாய் குறைகிறது. 26 டிகிரியோடு ஃபேனும் மெதுவாகச் சுற்றினால் உடம்புக்கு 24 போலவே இருக்கும்.

மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா? ஏசி மேல் ஒட்டியிருக்கும் தாளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. இரண்டு மாடல்களுக்கும் 150 யூனிட் வித்தியாசம் என்று வையுங்கள். கோடையில் இரவு மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 500 மணி நேரம்தான் ஓடும், 6.30 ரூபாய்ப் படியில் மிச்சம் 295 ரூபாய். அவருக்கு மூன்று ஸ்டார் போதும். கணவன் ஒரு ஷிப்ட், மனைவி ஒரு ஷிப்ட் என்று பகலும் இரவும் ஓடி 2,000 மணி நேரம் ஆகும் வீட்டில், 8.40 ரூபாய்ப் படியில் மிச்சம் 1,575 ரூபாய். அங்கே ஐந்து ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும்.

கூரையும் திசையும்

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அறைக்குள் இறக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, கீழ்த்தளத்து அறையைவிட ஏசியை அதிகம் உழைக்க வைக்கும். வாடகை ஐந்நூறு குறைவு என்று மேல்மாடியைப் பிடிக்கும் முன் கோடை பில்லையும் கூட்டிப் பாருங்கள். பகல் ஷிப்ட்காரர்கள் மேற்குச் சுவர் உள்ள அறையைத் தவிர்க்க வேண்டும். மாலை வெயிலில் காய்ந்த சுவர் நள்ளிரவு வரை சுடும். காலையில் படுக்கிறவருக்குக் கிழக்குச் சுவர்தான் தொல்லை. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது எந்தக் கருவியையும்விட மலிவு. கரண்ட் போனாலும் அது வேலை செய்யும்.

வெந்நீர்

மார்கழி, தை மாதங்களில் மட்டும் வெந்நீர் தேவைப்படும் ஊர் இது. ஒரு பெரிய வாளித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர, எந்த ஹீட்டரானாலும் கால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான் செலவாகும். தொட்டி ஹீட்டரை நாள் முழுதும் போட்டுவைப்பதில்தான் வீண் போகிறது. குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, உடனே அணையுங்கள். வாளியில் போடும் ராடு மலிவானது; ஆனால் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

யாருக்கு எது?

சப் மீட்டர் அறையில் இருப்பவர்கள்: பி.எல்.டி.சி. ஃபேன் முதலில். நைட் ஷிப்ட் அதிகம் என்றால் கோடைக்கு மட்டும் ஒரு சிறிய கூலர். யூனிட் எட்டு ரூபாயில், மேலே சொன்ன ஏசிக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு 2,160 ரூபாய் ஆகும். மூவர் பங்கிட்டால் தாங்கும், ஒருவர் தாங்குவது கடினம்.

சொந்த ஈ.பி. இணைப்புள்ள குடும்பங்கள்: முதலில் ஃபேன்களை மாற்றி, கூரைக்கு வெள்ளை அடித்து, பிறகு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, 26 டிகிரியில். வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் குறித்து, 500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பில்லும் 500-ஐத் தாண்டுகிற, சொந்த மாடியுள்ள வீடுகள் கூரைச் சூரிய மின்சாரத்தைக் கணக்குப் போடலாம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு.

அறைகளை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவெல்லாம் மெஷினோடு நின்றுவிட்டு வருகிறவருக்குப் பகல் தூக்கம் ஆடம்பரமல்ல. அடுத்த நாள் அவர் விரல் தப்புவது அந்தத் தூக்கத்தால்தான். இந்தச் சித்திரைக்குள் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். யூனிட் விலையை உங்கள் பில்லோடு ஒப்பிட்டு நியாயமாக வையுங்கள்.