ஓடிபி எட்டாத ஊரில்

வேலை நிமித்தமாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டும்போது முதலில் லேப்டாப்பை எடுத்து வைப்பார்கள். பிறகு சார்ஜர், ஹெட்போன், பவர் பேங்க். இவற்றில் எதை மறந்தாலும் சிங்கப்பூரிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு, அது போனுக்குள் இருக்கும் இந்திய சிம். அதைத்தான் பலர் விமானம் இறங்கிய கையோடு கழற்றி, டிஷ்யூ காகிதத்தில் மடித்துப் பர்ஸுக்குள் வைத்துவிடுகிறார்கள்.

உள்ளூர் சிம் போட்டாயிற்று, மேப் ஓடுகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது. சாயங்காலம் ரயில் டிக்கெட் எடுக்கக் கார்டு எண்ணைத் தட்டினால் வங்கி ஓடிபி அனுப்புகிறது, பர்ஸுக்குள் தூங்கும் சிம்முக்கு. வங்கிச் செயலியைப் புதிதாகத் திறந்தாலும் இதே கதைதான். இரண்டு சிம் போடும் வசதி இன்று பெரும்பாலான போன்களில் இருக்கிறது. இந்திய எண்ணை உயிரோடு வைத்து, அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, இணையத்துக்கு வேறு சிம்மையோ இசிம்மையோ வைத்துக்கொள்வதே உருப்படியான வழி. ரோமிங்கில் குறுஞ்செய்தி வந்து சேர்வதற்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சர்வதேச ரோமிங் வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். ப்ரீபெய்டு என்றால் திரும்பி வரும் தேதி வரை வேலிடிட்டியும் இருக்க வேண்டும்.

ஓடிபிக்கென்றே பழைய பட்டன் போன் ஒன்றைத் தனியாக எடுத்துப் போகும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. நல்ல யோசனைதான், ஊரைப் பொறுத்து. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது, 3ஜியும் 2024-இல் போய்விட்டது. ஜப்பானில் நம்மூர் ஜிஎஸ்எம் வகை 2ஜி என்பது இருந்ததே இல்லை. அங்கெல்லாம் அந்த போன் மணி பார்க்க உதவும்.

கார்டிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2020 முதல் புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே தரப்படுகிறது. வங்கிச் செயலியில் நாமே அதைத் திறக்க வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து செய்தால் இரண்டு நிமிட வேலை. வெளிநாட்டு ஓட்டல் கவுன்டரில், பின்னால் வரிசை நிற்கும்போது செய்தால் வியர்க்கும்.

அலுவலகக் கணக்குகளுக்கு ஆதென்டிகேட்டர் செயலி ஓடிபியைவிட நம்பகமானது. அது நெட்வொர்க்கை நம்பி இருப்பதில்லை. போனில் சேமித்த ரகசிய எண்ணையும் அந்த நேரத்துக் கடிகாரத்தையும் வைத்து, பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒருமுறை, தானே ஆறு இலக்கத்தைக் கணக்கிடுகிறது. விமானத்திலும் வேலை செய்யும், மலையிலும் வேலை செய்யும். கடிகாரம் சரியாக இருந்தால் போதும். அந்த போனே தொலைந்துவிட்டால் என்ன செய்வது? கணக்கைத் தொடங்கும்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, போன் இல்லாத வேறொரு பையில் வைத்துக்கொள்வதுதான் அதற்கான பதில். என்னைக் கேட்டால், மொத்தப் பெட்டியிலும் எடைக்கு எடை அதிகம் உழைக்கும் பொருள் அந்த ஒற்றைத் தாள்தான்.

இசிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிட்டு, தரையிறங்கிய பிறகு இயக்குவது வசதி. வாங்கும்போது எந்தெந்த நாடுகள் அடங்கும் என்ற பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை என்ற விதி 2017 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விதிக்குள் நார்வேயும் ஐஸ்லாந்தும் உண்டு, சுவிட்சர்லாந்து கிடையாது. மருந்துத் துறைக்காரர்கள் அடிக்கடி போகும் பாசல் நகரம் பிரான்சும் ஜெர்மனியும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. அதன் விமான நிலையம் இருப்பதே பிரெஞ்சு மண்ணில். ‘ஐரோப்பா’ என்று எழுதிய இசிம் விமான நிலையத்தில் ஜோராக ஓடும், ஊருக்குள் நுழைந்ததும் மௌனமாகிவிடலாம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனும் அந்த விதிக்கு வெளியே.

சீனா தனிக் கதை. குவாங்சோவில் 1957 முதல் நடந்துவரும் கான்டன் கண்காட்சிக்கு வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் இந்திய வியாபாரிகள் கூட்டமாகப் போகிறார்கள். முதல்முறை போகிறவர் ஓட்டல் வைஃபையில் போனை இணைத்ததும் திகைத்துப் போவார். ஜிமெயில் திறக்காது, கூகுள் தேடல் இல்லை, வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கேயே சீன சிம் வாங்கிப் போட்டாலும் அதே தடைதான். ஆனால் பக்கத்தில் இந்திய எண்ணின் ரோமிங் பேக்கோடு வந்தவர் வீட்டுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார். காரணம் எளிது. ரோமிங்கில் டேட்டா நேராக இணையத்துக்குப் போவதில்லை. நம்மூர் நிறுவனத்தின் கேட்வேக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே போகிறது. அதனால் சீனாவின் வடிகட்டி அதைத் தொடுவதில்லை. ஹாங்காங் வழியாகச் செல்லும் இசிம்களுக்கும் இதே சலுகை. ஒரு வாரப் பயணத்துக்கு ரோமிங் பேக் விலை அதிகம் என்று தோன்றும். கொள்முதல் ஆர்டரின் பி.டி.எஃப் ஜிமெயிலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த விலை ஒன்றுமே இல்லை.

வீசாட்டும் அலிபேவும் இல்லாமல் அங்கே டீ குடிப்பதுகூடச் சிரமம். இரண்டையும் ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட் விவரத்தையும் விசா அல்லது மாஸ்டர் கார்டையும் இணைத்துவிட்டுப் போவது நல்லது. அதற்கும் ஓடிபி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

அமீரகத்தில் தடை வேறு மாதிரி. வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. துபாய்வாசிகள் வீட்டுக்குப் பேச போட்டிம் செயலியை வைத்திருப்பது இதனால்தான். அலுவலகக் கூட்டங்களுக்கு ஜூமும் டீம்ஸும் வேலை செய்யும். ‘விபிஎன் போட்டால் ஆச்சு’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். குற்றம் ஒன்றைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் அங்கே 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்கிறது சட்டம். அலுவலகச் சர்வருக்குள் நுழையக் கம்பெனி தந்த விபிஎன் ஒன்று, தடையை உடைக்க இலவசமாக இறக்கியது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மின்சாரத்துக்கு வருவோம். லேப்டாப் சார்ஜரின் முதுகில் ‘100–240’ வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஜப்பானின் 100 வோல்ட்டானாலும் லண்டனின் 230 ஆனாலும் அது தாங்கும். சிக்கல் பிளக்கில்தான். நம்மூர் தடித்த மூன்று உருண்டைப் பின் சிங்கப்பூர், துபாய், லண்டன் சாக்கெட்டுகளில் நுழையாது, அங்கே மூன்றும் செவ்வகம். யுனிவர்சல் அடாப்டர் இதற்கு உதவும், ஆனால் சார்ஜரின் கனத்தில் அது சுவரிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். பலவற்றில் எர்த் இணைப்பும் கிடையாது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் விரலில் லேசாக விர்ரென்று உணர்வது அதனால்தான். சார்ஜர் செங்கல்லுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் வயரை மட்டும், போகிற நாட்டுப் பிளக்கோடு வாங்கிக்கொள்வது இதைவிட நல்ல வழி. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். ஜப்பானுக்கென்றால் இரண்டு தட்டைப் பின் கொண்டது வேண்டும். அமெரிக்க மூன்று பின் வயர் அங்கே பல சுவர்களில் நுழையாது.

இரண்டு, மூன்று கருவிகளை ஒன்றாகச் சமாளிக்க 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்றே பலருக்குப் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு அந்தத் துளையே கட்டாயம் என்பதால், கேபிளை மறந்தாலும் பக்கத்து மேஜையில் கிடைக்கும். கூடவே சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர் 230 வோல்ட் குக்கர் அமெரிக்காவின் 120 வோல்ட்டில் கால்வாசிச் சூடுதான் தரும். அடாப்டர் போட்டால் பிளக் பொருந்தும், அரிசி வேகாது.

பவர் பேங்க் விஷயத்தில் விதிகள் ஒரே ஆண்டில் மாறிவிட்டன. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று, புறப்படும் முன்பே தீப்பிடித்தது. அதைத் தொடர்ந்து மார்ச் முதல் தேதியிலிருந்து கொரிய விமானங்களில் பவர் பேங்கைத் தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் வைக்கத் தடை. ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அக்டோபர் முதல் எமிரேட்ஸிலும் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை. செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்பது எங்கும் உள்ள பழைய விதி. அனுமதி கேட்காமல் எடுத்துப்போகும் வரம்பு 100 வாட்-மணி. எம்ஏஎச் கணக்கை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 என்று போட்டிருந்தால் 74, கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை எடுத்துப்போனால் எந்தக் கணக்கும் எடுபடாது, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். சீனாவில் 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாதவற்றுக்கும் அனுமதி இல்லை. குவாங்சோவுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுபோனது, அங்கிருந்து ஷாங்காய்க்குப் பறக்கும்போது பறிபோகும். முத்திரையுள்ளதை அங்கேயே வாங்குவது மேல்.

மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் போனையே பதிவு செய்ய வேண்டியிருக்கும். துருக்கியில் வெளிநாட்டு போனில் உள்ளூர் சிம் போட்டால் 120 நாள்தான் ஓடும், இந்தோனேசியாவில் 90.

திரும்பி வரும்போது சுங்கம் இருக்கிறது. 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். இரண்டாவது லேப்டாப், விலையுயர்ந்த கேமரா, அளவீட்டுக் கருவி என்று எடுத்துப்போகிறவர்கள், அவை இங்கிருந்தே போனவை என்று காட்ட ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். அதைக் கிளம்பும்போது, பெட்டியை ஒப்படைக்கும் முன், விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் பொருளையும் சீரியல் எண்ணையும் காட்டித்தான் வாங்க முடியும். அதனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது.