வேதாரண்யத்துக்குக் குடிபோறியா? லாரியை அப்புறம் கூப்பிடு!

மாற்றல் ஆர்டர் வந்திருக்கலாம். இல்லைன்னா, "பட்டணம் போதும், கடலோரமா ஒரு வீடு பாத்துப் போயிடலாம்"னு உன் வீட்டுக்காரர் கிளம்பியிருக்கலாம். எதுவா இருந்தாலும் எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான். தை மாசம் லீவுல போவாங்க. கோடியக்கரையில பூநாரையையும் வெளிமானையும் பாப்பாங்க. காத்து சிலுசிலுன்னு அடிக்கும். சாயங்காலமே அட்வான்ஸைக் குடுத்துட்டு வந்து நிப்பாங்க. தை மாசத்து வேதாரண்யத்தைப் பாத்துட்டு வருஷம் பூராவும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சா எப்படிம்மா? உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும், அதனால பாக்க வேண்டியதை மட்டும் வரிசையா சொல்றேன்.

1. மோசமான மாசத்துல போய்ப் பாரு

இந்தக் கரைக்குப் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையிலதான். புயலும் அப்பதான் வரும். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 விடியக்காலையில, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. ரெண்டு தடவை போக முடிஞ்சா, ஒண்ணு கார்த்திகை மழையில, இன்னொண்ணு வைகாசி வெயில்ல போ. மழையில தெரு எங்க தேங்குது, வீட்டுக்குப் போற மண்ரோடு வண்டி தாங்குமான்னு தெரிஞ்சிடும். கிணத்துத் தண்ணியோட யோக்கியதை வெயில்லதான் தெரியும். ஒரே தடவைதான் முடியும்னா மழையில போ.

2. டைல்ஸைப் பாக்காதே, சுவரைப் பாரு

புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா முதல்ல சந்தேகப்படு. நேரா கொல்லைப்பக்கம் போ. பாத்ரூம் வெளிச்சுவருக்கு யாரும் பெயிண்ட் அடிச்சு ஏமாத்த மாட்டாங்க. தரையிலேருந்து ஒரு முழத்துக்குக் காரை பொரிஞ்சு, வெள்ளையா பூத்து, தொட்டா விரல்ல பவுடரா ஒட்டுச்சுன்னா சுவர்ல உப்பு ஏறியிருக்குன்னு அர்த்தம். ஜன்னல் கம்பியோட அடிப்பாகம் செதில் செதிலா உரியுதா? சுவிட்ச் போர்டு ஸ்க்ரூவோட தலை துருவுல கரைஞ்சிருக்கா? அதையும் குனிஞ்சு பாரு.

அப்புறம் வீட்டு ஓனரை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாகிட்ட மூணே கேள்வி கேளு: "சுனாமிக்கு இங்க தண்ணி வந்துச்சா? கஜாவுக்கு இந்தக் கூரை நின்னுச்சா? கரண்ட் திரும்பி வர எத்தனை நாளாச்சு?" கஜாவுல கடல், சேத்தை வாரிக் கொண்டாந்து கரையோர ஊருங்கள்ல கொட்டிட்டுப் போச்சு. அதைப் பாத்தவங்க மறக்க மாட்டாங்க, உன்கிட்ட மறைக்கவும் மாட்டாங்க.

3. தண்ணியை நம்பறதுக்கு முன்னாடி பருப்பை வேக வெச்சுப் பாரு

"எங்க தண்ணி தேன் மாதிரி இருக்கும்"னு எல்லா வீட்டு ஓனரும் சொல்லுவாங்க. நீ ஒரு கேன்ல பிடிச்சு எடுத்துட்டு வா.

• அந்தத் தண்ணியில துவரம்பருப்பை வேக வை. எத்தனை விசில் விட்டும் முழிச்சுக்கிட்டே இருந்தா அது சமையலுக்கு ஆகாது.
• சோப்பு நுரைக்குதான்னு பாரு.
• எவர்சில்வர் டம்ளர்ல கொஞ்சம் ஊத்திக் காய விடு. அடியில வெள்ளைப் படலம் கெட்டியா நின்னா கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரமே ரிப்பேருக்குப் போகும்.

காரணத்தையும் தெரிஞ்சுக்கோ. மணல்ல இறங்குற மழைத்தண்ணி, கீழே இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதந்து நிக்குது. அதனாலதான் மணல்மேட்டுல ஆழமில்லாத கிணத்துல நல்ல தண்ணி கிடைக்கும். "இன்னும் ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வரும்"னு ஊருக்குப் புதுசா வந்தவங்க இறக்குவாங்க, உப்புதான் வரும். பெரிய மோட்டாரைப் போட்டு நாள் பூரா இறைச்சாலும் அதே கதி. வேதாரண்யம் பக்கம் கொள்ளிடம் கூட்டுக்குடிநீரும் வருது. அது உன் தெருவுக்கு எந்தக் கிழமை வருது, எத்தனை குடம் பிடிக்கலாம்னு குழாயடியில நிக்கிற பொம்பளைங்ககிட்ட கேளு. புரோக்கருக்கு அது தெரியாது.

4. எதையெல்லாம் கொண்டு போகக் கூடாது

இரும்பு பீரோ, இரும்புக் கட்டில், மலிவான ஷூ ரேக்… இதெல்லாம் அங்க ரெண்டு மழை தாங்காது. வித்துட்டுப் போ. ஃபிரிட்ஜுக்கு உயரமான ஸ்டாண்டு போடு. டூவீலரை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில கழுவி, செயினுக்கு எண்ணெய் போடு. பட்டுப்புடவையை அம்மா வீட்டுலேயே வெச்சுட்டுப் போ, கோவிச்சுக்காதே. சர்டிபிகேட்டு, பத்திரம் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒரே பையில வை. புயல்னா அந்தப் பையைத் தூக்கிட்டுக் கிளம்புனா போதும்.

5. ஆஸ்பத்திரி, பஸ், ரயில்

வேதாரண்யத்துல அரசு ஆஸ்பத்திரி இருக்கு. பெரிய விஷயம்னா நாகப்பட்டினம் பக்கம் ஒரத்தூர்ல 2022-ல திறந்த மருத்துவக்கல்லூரிக்குப் போகணும், இல்லைன்னா தஞ்சாவூருக்கு. வீட்டுல மாசமா இருக்கிற பொண்ணோ, சர்க்கரை, பிரஷர்னு பெரியவங்களோ இருந்தா, அந்த ரோட்டுல ஒரு தடவை ராத்திரியில போய்ப் பாரு. பகல்ல போனா தூரம் தெரியாது. திருத்துறைப்பூண்டியிலேருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகலப்பாதை ஆனப்புறம் 2023-லேருந்து ரயில் ஓடுது. அதை நம்பி ஆபீஸ் நேரத்தை முடிவு பண்ணாதே, முதல்ல டைம் பாரு. பஸ் ஸ்டாண்டுல கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு டைம் கீப்பர்கிட்டயே கேட்டு எழுதி வெச்சுக்கோ.

6. ஊரோட காலண்டரைத் தெரிஞ்சுக்கோ

• ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும், கையில காசு குறையும். கடை போடற ஐடியா இருந்தா அந்த ரெண்டு மாசத்துல திறந்துடாதே.
• கோடியக்கரையில மழைக்காலத்துலேருந்து பங்குனி வரைக்கும் மீன்பிடி சீசன். வெளியூர் மீனவங்க வந்து தங்குவாங்க. அப்ப வாடகைக்கு வீடு தேடுனா அலைச்சல்தான்.
• உப்பளத்துல வெயில் காலம்தான் வேலைக்காலம். மழை வந்தா பாத்தி முழுகிடும். உப்பள வேலைக்குப் போறவங்களுக்குக் கடன் குடுக்கிறதும் வசூலிக்கிறதும் அதை வெச்சுத்தான் நடக்கும்.

7. நிலம் வாங்க அவசரப்படாதே

"சீ வியூ, சல்லிசா வருது"ன்னா முதல்ல ஏன் சல்லிசுன்னு கேளு. கிராமப்புறக் கரையில உயர் அலைக் கோட்டிலேருந்து 200 மீட்டருக்குள்ள புதுசா கட்ட கெடுபிடி உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல (CRZ) 2019 அறிவிக்கை நெருக்கமா குடியிருக்கிற கிராமங்களுக்கு அதை 50 மீட்டர்னு குறைச்சிருக்கு. உன் சர்வே நம்பர் எதுல வருதுன்னு எழுத்துல வாங்கு, வாய்வார்த்தை வேண்டாம். கோயில் அடிமனையா, புறம்போக்கா, உப்பளக் குத்தகையா, கோடியக்கரை சரணாலயத்தை ஒட்டினதான்னு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல 'அ' பதிவேட்டைப் பாரு. வில்லங்கச் சான்று மட்டும் போதும்னு யாராவது சொன்னா, அவரோட கமிஷன் எவ்வளவுன்னு கேளு.

8. மனுஷங்ககிட்ட எப்படிப் பழகணும்

மீனவத் தெருவுல வீடு பாத்தா முதல்ல ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாத்து, "இன்ன வேலையா வந்திருக்கோம்"னு சொல்லிடு. மறைச்சு வெச்சா பத்து நாள் பேச்சு, சொல்லிட்டா அன்னிக்கே முடிஞ்சுது. காயுற வலையைத் தாண்டாதே, கருவாடு காயப் போடறவங்களைக் கேக்காம போட்டோ எடுக்காதே. ஏலம் நடக்கிற இடத்துல குறுக்க பேசாதே. பேச்சை ஆரம்பிக்க வழி தெரியலைன்னா உப்பு சத்தியாகிரகத்தைப் பத்திக் கேளு. 1930-ல ராஜாஜி திருச்சியிலேருந்து நடந்து வந்து உப்பு அள்ளின ஊரு, எந்தப் பெரியவரும் ஒரு மணி நேரம் பேசுவார். மகளுக்குப் பள்ளிக்கூடம் பாக்கணும்னா, சர்தார் வேதரத்தினம் 1946-ல தொடங்கின கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தையும் விசாரிச்சு வை.

9. புயலுக்கு முன்னாடியே

உன் தெருவுக்குப் புயல் பாதுகாப்பு மையம் எதுன்னு குடிபோன அன்னிக்கே நடந்து போய்ப் பாத்துட்டு வா. நாகை துறைமுகத்துல ஏத்துற கூண்டு நம்பர் என்னன்னு தெரிஞ்சுக்கோ: 1, 2-ன்னா தூரத்துல, 8-லேருந்து 10-ன்னா பெரிய அபாயம். 8 வந்தப்புறம் மெழுகுவத்தி வாங்கக் கடைக்கு ஓடாதே.

ஒரே நாள்தான் லீவா? இப்படிப் பண்ணு

• காலை 6 மணி: ஆறுகாட்டுத்துறையில மீன் ஏலம். ஊரோட வரும்படி அங்க தெரியும்.
• 9 மணி: வீடு. சுவர், தண்ணி, பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா.
• 11 மணி: வி.ஏ.ஓ. ஆபீஸ், ரேஷன் கடை.
• மதியம்: ஊர் மெஸ்ஸுல சாப்பாடு. குடிக்க வெக்கிற தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேளு.
• சாயங்காலம்: ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு.
• கோடியக்கரை? மிச்ச நேரம் இருந்தா போ. மான் எங்கேயும் ஓடிப் போயிடாது.

இவ்வளவும் பாத்துட்டுப் பிடிச்சிருந்தா தாராளமா போ, தங்கமான ஊர். ஆனா பதினோரு மாச ஒப்பந்தம் போட்டு வாடகைக்குத்தான் போகணும். ஒரு ஐப்பசி, கார்த்திகையை அந்த வீட்டுலேயே தாண்டு. அதுக்கு முன்னாடி "அக்கா, மனை ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம்"னு போன் பண்ணினா நான் எடுக்கவே மாட்டேன்.